காதுக்குள் அடங்கும் ஹெட்செட்: சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தில் முதல் தடவை ஏறுகிறவர்கள் உயரத்துக்கு மனதைத் தயார்செய்துகொண்டு வருவார்கள். சத்தத்துக்கு யாரும் தயாராக வருவதில்லை. ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு அப்பால், காலுக்கு முன்னாலேயே இன்ஜின் இருக்கிறது. எடை கூடினால் விமானத்துக்கு ஆகாது என்பதால், காரில் இருக்கிற அளவுக்கு ஒலித்தடுப்பு எதுவும் அதில் கிடையாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதனால்தான் சிறு விமானம் ஓட்டுகிற எல்லோர் தலையிலும் ஒரு ஹெட்செட் இருக்கிறது. ரேடியோவைக் கேட்பது அதன் ஒரு வேலை. காதைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. என்னைக் கேட்டால் அந்த இரண்டாவதுதான் பெரிது.

வழக்கமான ஹெட்செட் இரண்டு பெரிய கிண்ணங்களால் காதை வெளியிலிருந்து மூடும். இந்தக் கட்டுரை வேறொரு வகையைப் பற்றியது: நுரை முனையைக் காதுக்குழாய்க்குள் செருகிக்கொள்ளும், தலையில் இருப்பதே தெரியாத ஹெட்செட். கண்ணாடி போட்டவன், டெக்ஸாஸ் கோடையில் பறக்கிறவன் என்ற இரண்டு காரணங்களால் நான் அதற்கு மாறினேன். மாறிய முதல் மாதம் மோசமாகத்தான் இருந்தது. ஹெட்செட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. அதைக் காதில் வைக்கத் தெரியாததுதான் கோளாறு. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு அதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்: பெரிய ஹெட்செட்டில் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும், இதில் பாதி வேலை உங்கள் விரல்களுடையது.

முதலில் அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சீராகப் பறக்கும்போது செஸ்னாவின் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்று சுற்றும். ப்ரொப்பல்லரில் இரண்டு பிளேடு. ஆக நிமிடத்துக்கு 4,800 தடவை, அதாவது நொடிக்கு 80 தடவை பிளேடுகள் காற்றை அறைகின்றன. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர் வெடிக்கும். கணக்குப் போட்டால் அதுவும் நொடிக்கு 80தான். இரண்டும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸில் ஒரு அடித்தொண்டை உறுமலாக வந்து நெஞ்சில் இறங்கும். அதற்கு மேல் காற்று உரசும் சீறல், எக்ஸாஸ்ட், கதவு இடுக்கில் விசில் எல்லாம் உண்டு. ஆனால் ஆளைக் களைக்க வைப்பது அந்த உறுமல். மூன்று மணி நேரம் பறந்து இறங்கியதும் ஏன் இவ்வளவு அசதி என்று யோசித்தால், காரணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

அளவில் சொன்னால், இப்படிப்பட்ட விமானங்களின் உள்ளே சத்தம் 90 டெசிபலை ஒட்டி இருக்கும், ஏறும்போது இன்னும் கூடும். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையாஷ், 85 டெசிபலில் ஒருவர் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே ஒரு மணி. சத்தத்தால் போன கேள்திறன் திரும்பி வராது. காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய முடியணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஐம்பது கிராம் எப்படி அரைக் கிலோவோடு போட்டி போடுகிறது?

பழைய பாணி ஹெட்செட் என்றால் பலருக்கும் நினைவு வருவது டேவிட் கிளார்க் நிறுவனத்தின் பச்சை நிறக் கிண்ணங்கள். கெட்டியான கூடு, அழுத்தமான பிடி. இதில் மின்னணு வித்தை எதுவும் இல்லை, சத்தத்தை வெறுமனே அடைத்து நிறுத்தும். கீச்சுச் சத்தங்களை நன்றாக நிறுத்தும், உறுமலை அவ்வளவாக நிறுத்தாது. ஏனென்றால் காதைச் சுற்றிய மெத்தையும் உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கின்றன. கிண்ணம் அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. வேகமான அதிர்வுக்கு எடை அசையாது. மெதுவான, ஆழமான அதிர்வுக்குக் கிண்ணமே லேசாக ஆடும். ஆடினால் உள்ளே இருக்கிற காற்றும் ஆடும், காதுக்குச் சத்தம் போய்ச் சேரும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஏஎன்ஆர் என்னும் தொழில்நுட்பம். கிண்ணத்துக்குள் ஒரு சின்ன மைக் சத்தத்தைக் கேட்கும், அதற்கு நேர்மாறான அலையை ஸ்பீக்கர் எழுப்பும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், 1978இல் ஐரோப்பாவிலிருந்து வீடு திரும்பிய ஒரு விமானப் பயணத்தில் இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 1986இல் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது அவர்கள் காதைக் காத்தவை அந்த நிறுவனத்தின் மாதிரிக் கருவிகள். 1989இல் அது விற்பனைக்கு வந்தது. ஏஎன்ஆர் உறுமலில்தான் கெட்டிக்காரன். ஆனால் பேட்டரி வேண்டும், கிண்ணமும் வேண்டும், விலையும் அதிகம். போஸ் ஏ20யின் எடை 340 கிராம். பின்னால் வந்த ஏ30 தலையை மெதுவாகப் பிடிக்கும், ஆனால் எடை 400 கிராம்.

காதுக்குள் வைக்கும் வகை இந்த இரண்டு வழியிலும் போகாமல் வேறு இடத்தில் கதவை அடைக்கிறது. மெதுவாக விரியும் நுரை, காதுக்குழாயின் சுவரோடு எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஆடுவதற்குப் பெரிய கிண்ணமும் இல்லை, ஸ்பிரிங்காக வேலை செய்யக் காற்றும் அதிகம் இல்லை. அதனால் ஆழமாக வைத்த நுரை, உறுமலையும் சீறலையும் ஏறக்குறைய ஒரே அளவில் வெட்டும். சத்தத்தை ரத்துசெய்யும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல், பேட்டரி இல்லாமல், 60 கிராமுக்குக் கீழே இருக்கிற ஒரு பொருள் இவ்வளவு வேலை செய்வதற்குக் காரணம் இவ்வளவுதான். நுரையின் நடுவில் ஒரு மெல்லிய துளை, அதன் வழியாக ரேடியோவின் குரல் நேராகச் செவிப்பறைக்கு அருகில் வரும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் காதுப் பாதுகாப்புப் பொருள்கள் மேல் என்ஆர்ஆர் என்று ஒரு எண் இருக்கும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கு. அது ஆய்வுக்கூடத்தில், ஒழுங்காகப் பொருத்திப் பார்த்து எடுத்த எண். நிஜ வாழ்க்கைக்கு அதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது நையாஷ், 1998இல்: கிண்ண வகைக்குக் கால் பங்கைக் கழி, உருட்டி வைக்கும் நுரைக்குப் பாதியைக் கழி. நுரை மட்டமான பொருள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. மக்கள் அதை அரைகுறையாக வைப்பார்கள் என்பதால் சொன்னது. 30 என்று எழுதிய ஒரே முனை, சரியாக வைத்தவருக்கு முப்பதை ஒட்டியும், அவசரத்தில் செருகியவருக்குப் பதினைந்தாகவும் வேலை செய்யும். ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் ஆஹா என்பதும் இன்னொருவர் காசு தண்டம் என்பதும் இதனால்தான்.

வைக்கும் விதம்

சரி, எப்படி வைப்பது? சுத்தமான, உலர்ந்த விரல்களால் நுரையைச் சுருக்கம் விழாமல் மெல்லிய திரியாக உருட்டுங்கள். வலக் காதுக்கு என்றால் இடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காதுமடலின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் நேர்க்கோடு இல்லை, வளைந்தது, இழுத்தால் நிமிரும். அந்த நொடியில் நுரையை உள்ளே செலுத்தி, விரிந்து முடியும் வரை விரலால் பிடித்திருங்கள். முப்பது நொடி எண்ணுவது என் வழக்கம். இந்த முப்பது நொடியைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், நானும் ஏமாற்றியிருக்கிறேன். விட்டவுடன் நுரை விரிந்தபடியே வெளியே நழுவும், பாதி மட்டும் உள்ளே நிற்கும்.

சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை அழுத்தி மூடிப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் நுரை சரியாக உட்காரவில்லை. பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு அறிகுறி உங்கள் சொந்தக் குரல். இரண்டு காதும் ஒழுங்காக அடைபட்டால் குரல் தலைக்கு நடுவிலிருந்து வருவது போல் இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மறுபக்க நுரையை எடுத்து மறுபடி வையுங்கள்.

இதெல்லாம் உங்கள் காதுக்கு ஒத்துவருமா என்று பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நுரை அடைப்பான் ஒரு பொட்டலம் வாங்குங்கள். பயிற்சிப் பள்ளியின் பெரிய ஹெட்செட்டுக்கு உள்ளே அதைப் போட்டுக்கொண்டு, ரேடியோ ஒலியைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு மூன்று தடவை பறந்து பாருங்கள். பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே குறைவதால் பேச்சு தெளிவாகவே கேட்கும். இரண்டு மணி நேரம் கழித்துக் காதுக்குள் வலியோ அரிப்போ இல்லையென்றால் நீங்கள் இந்த வகைக்கு ஏற்றவர். இருந்தால் சில டாலரோடு போயிற்று. மாற மனமில்லாதவர்கள்கூட இந்த இரட்டைப் பாதுகாப்பையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். மலிவான ஹெட்செட்டில் பறக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

எதை வாங்குவது

இந்த வகையில் தேர்வு அதிகம் இல்லை. கிளாரிட்டி அலாஃப்ட் என்பதும், கொயட் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் ஹேலோ என்பதும் சிறு விமானம் ஓட்டுபவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துபவை. ஹேலோவில் ஒலி மெல்லிய காற்றுக்குழாய் வழியாகக் காதுக்கு வருகிறது, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் போல. இரண்டிலும் பேட்டரி கிடையாது. நடுவானில் பேட்டரி தீர்ந்து உறுமல் திடீரென்று வந்து விழுகிற அனுபவம் இதில் இல்லை. விலையும் உயர்ரக ஏஎன்ஆர் ஹெட்செட்டில் பாதிதான் அல்லது அதற்கும் கீழே. போஸ் ஏ30 1,200 டாலருக்கு மேல்.

போஸ் 2018இல் கொண்டுவந்த ப்ரோஃப்ளைட்டும் சின்னதுதான், 130 கிராமுக்குள். படத்தில் பார்க்க ஒரே ஜாதி போலத் தோன்றும். ஆனால் அது ஜெட் விமானத்தின் அமைதியான காக்பிட்டை மனதில் வைத்துச் செய்தது. அதன் முனை காதுக்குழாயை ஆழமாக அடைக்காது, மின்னணுவை நம்பியிருக்கிறது. செஸ்னா போன்ற பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போனுக்கு வைத்திருக்கும் ப்ளூடூத் இயர்பட் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. விமான ரேடியோவுக்கு ஏற்ற மைக்கும் இணைப்பும் அதில் இல்லை.

பிளக் விஷயத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான சிறு விமானங்களில் இரண்டு ஓட்டை இருக்கும்: பெரியது, 6.35 மில்லிமீட்டர், கேட்பதற்கு. கொஞ்சம் மெல்லியது, 5.23 மில்லிமீட்டர், மைக்குக்கு. ஹெலிகாப்டரில் ஒரே பிளக். சில புது விமானங்களில் ஆறு முனை கொண்ட லீமோ என்ற பிளக். தவறானதை வாங்கினால் அடாப்டர் தேடி அலைய வேண்டும். ஸ்டீரியோ, மோனோ சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் பழைய விமானம் மோனோவாக இருந்தால், ஸ்டீரியோவில் வைத்த ஹெட்செட்டில் ஒரு காது மட்டுமே கேட்கும், புதிதாக வாங்கியது பழுதாகிவிட்டதோ என்று பயந்துவிடுவீர்கள்.

யாருக்கு இது மிகவும் பொருந்தும்? கண்ணாடி போட்டவர்களுக்கு முதலிடம். கண்ணாடிக் காம்பு கிண்ணத்தின் மெத்தைக்கு அடியில் போய் ஒரு இடுக்கை உண்டாக்கும். அதன் வழியே சத்தம் நுழையும், காம்பு நெற்றிப்பொட்டில் அழுத்தி வலிக்கும். காதுக்குள் வைப்பதில் இந்த இரண்டும் இல்லை. அப்புறம் வெயில் நாட்டில் பறப்பவர்கள், தொப்பி போடாமல் இருக்க முடியாதவர்கள், தலைக்கும் கூரைக்கும் இடைவெளி குறைந்த விமானத்தில் பறக்கும் உயரமானவர்கள்.

பழகிக்கொள்ள வேண்டியவை

ஒலி அளவில் கவனம். உங்களுக்கு முன்னால் விமானத்தை எடுத்தவர் பெரிய ஹெட்செட்டுக்காக ரேடியோவை உச்சத்தில் வைத்திருக்கலாம். அது நேராகச் செவிப்பறைக்கு அருகே வந்து கத்தும். காதில் வைப்பதற்கு முன்பே ரேடியோ, இன்டர்காம், ஹெட்செட் மூன்றின் ஒலியையும் கீழே இறக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். காதில் வைப்பதையும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முடியுங்கள். கிண்ணத்தைப் போல ஒரு பக்கம் தூக்கிவிட்டு வெளியே நிற்பவரிடம் பேச முடியாது. எடுத்தால் மறுபடி உருட்டி, முப்பது நொடி.

மைக் இந்த வகையில் ஒல்லியான கம்பியில் இருக்கும், சுலபமாக நகர்ந்துவிடும். விமான மைக்கில் முன்னும் பின்னும் திறப்பு உண்டு. தூரத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டு பக்கமும் சமமாகப் பட்டு ரத்தாகும், பக்கத்தில் இருக்கும் உதட்டின் குரல் ஒரு பக்கம் மட்டும் பட்டு நிற்கும். ஆகவே மைக் உதட்டோரத்தில் ஏறக்குறைய தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு விரல் தள்ளிப் போனாலே குரலும் இரைச்சலும் ஒன்றாகிவிடும். இன்னொரு விஷயம்: காது அடைபட்டிருப்பதால் உங்கள் குரல் உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும், அறியாமலே மெதுவாகப் பேசத் தொடங்குவீர்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் இரண்டு தடவை திரும்பக் கேட்டால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வயரைச் சட்டைக் காலரில் கிளிப் போட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் தலையைத் திருப்பும்போதெல்லாம் அது நுரையை இழுக்கும், துணியில் உரசும் சத்தமும் காதுக்குள் வரும்.

இறங்கும்போது அழுத்தம் மாறுவதைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். கீழே வரவரக் காற்றழுத்தம் கூடும். காதுக்குழாயில் அடைபட்ட காற்று மட்டும் மேலே இருந்த குறைந்த அழுத்தத்திலேயே இருந்தால் செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபடும். நுரை முழுக்கக் காற்றுப் புகாதது இல்லை, மெதுவாகக் கசிய விடும். நிமிடத்துக்கு 500 அடி என்ற வழக்கமான வேகத்தில் இறங்கும்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வேகமாக இறங்க நேர்ந்து இறுக்கம் தெரிந்தால், காதுமடலை இழுத்து நுரையை நொடி நேரம் தளர்த்தினால் சரியாகும். சளி பிடித்திருக்கும்போது பறக்காமல் இருப்பது எந்த ஹெட்செட்டுக்கும் பொருந்தும் விதி.

குறும்பியைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். நுரை முனையின் துளையில் குறும்பி அடைத்தால் ஒரு பக்க ஒலி மெல்லத் தேயும். பலர் ஹெட்செட்டைப் பழுதுபார்க்க அனுப்பிய பிறகுதான் இது தெரியவரும். முனையை மாற்றினாலே போதும். முனைகள் நிரந்தரம் இல்லை: நுரை மெதுவாக விரிவதை விட்டுவிட்டு உடனே விரிந்தாலோ, பளபளப்பாகவோ கடினமாகவோ ஆனாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போதே சிறியது, நடுத்தரம், பெரியது எல்லாம் வைத்துப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று இல்லை. குளித்து ஈரமான காதில் வைக்காதீர்கள். குறும்பி அதிகம் சேரும் உடம்பு என்றால் நுரை அதை உள்ளே தள்ளும். பஞ்சுக் குச்சியால் குடையாமல், தொடங்கும் முன் ஒரு தடவை காது மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லும் வரை கிண்ண வகையே நல்லது.

இன்னும் ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செஸ்னா 172இன் ஸ்டால் எச்சரிக்கை ஒலி, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் ஒலி, ஹெட்செட் வழியாக வருவதில்லை. இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துளை காற்றை உறிஞ்சும்போது ஒரு ஊதுகுழல் போல ஓலமிடும், அதைக் காக்பிட்டின் காற்றில்தான் கேட்க வேண்டும். சத்தத்தை நன்றாகக் குறைக்கும் ஹெட்செட்டுகளால் இப்படிப்பட்ட ஒலிகள் கேட்காமல் போகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவும் விமானிகளை எச்சரித்திருக்கிறது. புது ஹெட்செட்டோடு முதல் தடவை போகும்போது பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு, போதுமான உயரத்தில் வேகத்தைக் குறைத்து அந்த ஓலம் உங்கள் காதுக்கு எட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்ஜின் ஒலி மாறுவதும் முன்போலத் தெரியாது. அதனால் சுற்று வேகத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் கண்ணால் பார்க்கும் பழக்கத்தைக் கூட்டுங்கள்.

பயணிக்கு இதைக் கொடுக்க முடியாது. ஒருவர் காதில் போன நுரையை இன்னொருவர் வைக்கக் கூடாது, முதல் தடவை வருபவருக்கு உருட்டி வைக்கச் சொல்லித்தரும் நேரமும் இருக்காது. பழைய கிண்ண ஹெட்செட்டை விற்றுவிடாதீர்கள். பின்சீட்டுப் பையில் அது ஒன்று, கூடவே நான்கைந்து புது நுரை முனைகள் ஒரு சின்ன டப்பாவில். போன மாதம் ஓடுபாதைக்குப் போகும் வழியில் என் இடப்பக்க முனை கிழிந்து வந்தபோது, திரும்பி வராமல் நின்ற இடத்திலேயே மாற்றிக்கொண்டு கிளம்ப முடிந்தது அந்த டப்பாவால்தான்.